அப்பா பேரில் மேம்பாலம், மகள் பேரில் பூங்கா

பாஸ்டன் நகரத்துத் தெருக்களை மாடுகள்தான் போட்டன என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். மேய்ச்சலுக்குப் போன மாடு நடந்த தடமே பிற்பாடு தெருவாகிவிட்டதாம். சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஊரின் பழைய பகுதியில் ஒருமுறை வழிதவறியவர்கள் அத்தனை பேரும் மாட்டுக் கட்சிதான். எப்படியோ, மாடு போட்ட தெருவில் மாடாவது போக முடிந்தது. 1950களில் பொறியியல் படித்தவர்கள் கூடிப் போட்ட ரோட்டில் அதுவும் முடியாமல் போனது.

அந்த ரோட்டின் பெயர் சென்ட்ரல் ஆர்ட்டரி. ஊருக்கு நட்டநடுவே, தூண்களின் மேல், ஆறு தடங்களில் ஓடிய இரும்பு மேம்பாலம். பச்சைப் பெயின்ட். போக்குவரத்து நெரிசலை ஒழிக்க 1948-இல் ஒரு மாபெரும் திட்ட அறிக்கை போட்டு, 1951-இல் வேலையைத் தொடங்கினார்கள். பாதையில் நின்ற வீடுகளும் கடைகளும் இடிபட்டன. சுமார் 20,000 பேர் மூட்டை கட்டினார்கள். நார்த் எண்ட் என்ற இத்தாலியர் பேட்டை, ஒரு பச்சைச் சுவருக்கு அந்தப் பக்கம் தனித்தீவாக நின்றது.

பாலம் தெற்கே நகர நகர, சைனாடவுன்காரர்களும் பக்கத்துத் தோல் வியாபாரிகளும் போர்க்கொடி தூக்கினார்கள். அதிகாரிகள் யோசித்தார்கள். கடைசித் துண்டைத் தரைக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரச்சினைக்கு விடை 1950களிலேயே கிடைத்துவிட்டது. அதை ரோட்டின் வாலில் மட்டும் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தை அப்படியே வானத்தில் தொங்கவிட்டு, 1959-இல் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சத்தையும் பூமிக்குள் இறக்கிய திட்டத்துக்கு அடுத்த தலைமுறை கொடுத்த விலை 1,480 கோடி டாலர்.

பாலத்துக்கு ஜான் எஃப். ஃபிட்ஸ்ஜெரால்டு பெயரை வைத்தார்கள். ஜான் கென்னடியின் தாய்வழித் தாத்தா. பாஸ்டனின் முன்னாள் மேயர். நாலு பேர் கூடியிருந்தால் எழுந்து நின்று பாடிவிடுகிற மனிதர் என்பதால் ஊர் அவரை ‘ஹனி ஃபிட்ஸ்’ என்று கூப்பிட்டது. அவர் பிறந்து வளர்ந்தது அதே நார்த் எண்டில். சொந்தப் பேட்டையை ஊரிலிருந்து வெட்டியெடுத்த பாலத்துக்குத் தன் பெயரா என்று அவர் கேட்டிருக்கலாம். 1950-லேயே காலமாகிவிட்டதால் அதற்கு வாய்ப்பில்லை.

பாலத்தின் கோளாறு அதன் ஏறுவழி இறங்குவழிகளில் இருந்தது. ஒன்றரை மைல் ரோட்டுக்கு 27 சாய்தளங்கள். எல்லா வியாபாரியும் தன் கடை வாசலுக்கு ஒன்று கேட்டிருப்பார் போல. ஏறுகிற கார் வேகமெடுத்து இடப்பக்கம் நுழைய வேண்டும், இறங்குகிற கார் வேகம் குறைத்து வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இரண்டுக்கும் கிடைத்தது அதே துளி இடம். கல்யாணப் பந்தியில் இலையை விட்டு எழுகிறவரும் உட்காரப் போகிறவரும் ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி, மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில். வண்டி பழுதானால் ஓரங்கட்ட ஓரம் கிடையாது. அமெரிக்க நகரங்களின் இதே ரக நெடுஞ்சாலைகளில் நடக்கும் விபத்துகளைப் போல நான்கு மடங்கு இங்கே நடந்தது.

75,000 வண்டிகளுக்காகக் கட்டியதில் 1990களின் தொடக்கத்தில் தினம் இரண்டு லட்சம் வண்டிகள் ஏறின. ஏறின என்பதுதான் சரியான சொல், போயின என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் பத்து மணி நேரம் நெரிசல். இப்படியே விட்டால் 2010-க்குள் நெரிசல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதாவது பாஸ்டன்காரர் தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பாலத்தின் மேல்.

இந்த இடத்தில் ஒரு பாட்டி வருகிறார்.

1960களில் மாசசூசெட்ஸ் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையை பாஸ்டன் நகருக்குள் நீட்டினார்கள். பிரைட்டன் பகுதியில் அதன் வழியில் இருந்த வீடுகளைக் கையகப்படுத்தினார்கள். அதில் ஒரு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருந்த இத்தாலிய மூதாட்டியின் பேரன், அப்போது எம்.ஐ.டி.யில் சிவில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். பெயர் ஃபிரெட் சால்வுச்சி. ரோடு போடக் கற்றுக்கொண்டே, ரோடு போடுகிறவர்கள் மேல் தீராத ஆத்திரத்தையும் வளர்த்துக்கொண்டான். அந்த ஆத்திரத்துக்கு டிகிரி கிடையாது. ஆனால் அவனுக்குப் பயன்பட்டது அதுதான் என்பது என் கட்சி.

பேரன் பெரியவரானார். நெடுஞ்சாலை எதிர்ப்புக் கோஷ்டியில் சேர்ந்தார். ஊருக்குள் இன்னும் பல நெடுஞ்சாலைகள் வரவிருந்தன. அவற்றை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் பெரிதாகி, 1970-இல் ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட் அந்தத் திட்டங்களை நிறுத்தி வைத்தார். அந்த ஆளுநரே முன்பு ரோடு துறையை நடத்தியவர். ரோடு போட்டவர் ரோட்டை நிறுத்தினார். ரோட்டை எதிர்த்தவர் 1975-இல், மைக்கேல் டுகாகிஸ் ஆளுநரானபோது, மாநிலப் போக்குவரத்துச் செயலாளர் ஆனார். பாஸ்டன் அரசியலில் எல்லோரும் எதிர்ப்பக்கத்து நாற்காலியில்தான் நன்றாக வேலை செய்கிறார்கள்.

பச்சைப் பாலத்தை என்ன செய்யலாம் என்று சால்வுச்சி யோசித்துக்கொண்டிருக்கையில், பில் ரெனால்ட்ஸ் என்ற ரோடு கான்ட்ராக்டர் வந்து, இடித்துத் தள்ளிப் பூமிக்குள் புதைத்துவிடுங்கள் என்றார். ரோடு கான்ட்ராக்டர் தோண்டலாம் என்று சொல்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. பாலம் இருக்கும் இடத்துக்கு நேர் கீழேயே தோண்டினால் யார் வீட்டையும் தொட வேண்டாம். நிலம் ஏற்கெனவே அரசாங்கத்தினுடையது. பாட்டியின் பேரனுக்கு வேறென்ன வேண்டும்?

எதிரே நின்றது இன்னொரு திட்டம். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் லோகன் விமான நிலையத்துக்கு ஏற்கெனவே கடலடியில் இரண்டு சுரங்கங்கள் உண்டு. மூன்றாவது வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டார்கள். 1978 தேர்தலில் டுகாகிஸைக் கட்சிக்குள்ளேயே தோற்கடித்து ஆளுநரான எட்வர்ட் கிங் வியாபாரிகள் பக்கம். அவருடைய பாதை ஈஸ்ட் பாஸ்டன் மக்களின் வீடுகள் வழியாகப் போனது. விமான நிலைய விரிவாக்கத்துக்கு ஒரு பெரிய பூங்காவை ஏற்கெனவே காவு கொடுத்தவர்கள் அவர்கள். சும்மா இருப்பார்களா?

1983-இல் டுகாகிஸ் திரும்ப வந்தார், சால்வுச்சியும் வந்தார். இந்தத் தடவை அவர் செய்தது ஓர் அரசியல் சமையல். வியாபாரிகளுக்குச் சுரங்கம் வேண்டும், சரி. ஆனால் அது வீடுகள் வழியாகப் போகாமல் நேரே விமான நிலைய நிலத்துக்குள்ளேயே தலையைத் தூக்கும். பாலத்தைப் புதைக்கும் திட்டத்தோடு அதை ஒரே மூட்டையாகக் கட்டினார். ஒன்று வேண்டுமென்றால் இரண்டையும் வாங்க வேண்டும். யாரும் எதிர்க்க முடியவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அதில் ஏதோ ஒன்று இருந்தது. பில் மட்டும் யாருக்கு என்பது அப்போதைக்குத் தெளிவாக இருந்தது: வாஷிங்டனுக்கு. இன்டர்ஸ்டேட் சாலை என்றால் பத்து டாலரில் ஒன்பதை மத்திய அரசு தரும். அப்படியொரு விகிதத்தில் கிடைத்தால் யார்தான் எதைத்தான் தோண்ட மாட்டார்கள்.

ரொனால்டு ரேகனுக்கு இந்த விகிதம் பிடிக்கவில்லை. 1987 மார்ச்சில் நெடுஞ்சாலை மசோதாவை மொத்தமாகத் திருப்பி அனுப்பினார். அயோவா மாநிலக் கண்காட்சியில் பன்றிகளுக்குப் பரிசு கொடுத்த நாளுக்குப் பிறகு இவ்வளவு கொழுப்பை ஒரே இடத்தில் பார்த்ததில்லை என்ற தோரணையில் கிண்டலும் அடித்தார். அவருடைய வீட்டோவைக் கவிழ்க்க செனட்டில் 67 வாக்கு வேண்டும். முதல் நாள் கிடைக்கவில்லை. வட கரோலினாவின் புதிய செனட்டர் டெர்ரி சான்ஃபோர்டு முதல் நாள் ஒரு பக்கம் நின்றார், மறுநாள் மறுபக்கம் வந்தார். ஏப்ரல் 2 அன்று மசோதா 67-க்கு 33 என்று பிழைத்தது. ஒரு வாக்கு குறைந்திருந்தால் பச்சைப் பாலம் இன்னும் நின்றிருக்கும், மேலே ஏறிய சிலரும் இன்னும் நின்றிருப்பார்கள்.

அடுத்து வடக்கே சார்ல்ஸ் ஆற்றைக் கடக்க வேண்டும். மாற்று வரைபடங்களுக்கு ஏ, பி என்று எழுத்துப் போட்டுக்கொண்டே வந்த பொறியாளர்கள் இஸட்டில் நின்றார்கள். ‘ஸ்கீம் இஸட்’ என்பது ஆற்றங்கரையில் அடுக்கடுக்காகச் சுற்றிச் சுழலும் சாய்தளக் குவியல். ஒரு பச்சைப் பூதத்தை ஒழிக்க எழுதிய திட்டத்தின் ஒரு ஓரத்தில், அதைவிடப் பெரிய சாம்பல் பூதத்தை யாரோ வரைந்து வைத்திருந்தார்கள். அக்கரையில் கேம்பிரிட்ஜ் நகரம் கோர்ட்டுக்குப் போனது. பிறகு குழு போட்டு, பேசிப் பேசி, சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் மென் கற்பனையில் பிறந்த அழகான கம்பிவடப் பாலம் ஒன்று அங்கே வந்தது. தாமதமானது, செலவு ஏறியது, ஊர் பிழைத்தது.

செலவு ஏன் ஏறியது என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். ஒரு குடியிருப்பையும் இடிக்கக் கூடாது. வேலை நடக்கும்போது ஊர் ஒரு நாளும் மூடக் கூடாது. மேலே பழைய பாலத்தில் இரண்டு லட்சம் வண்டிகள் போய்க்கொண்டே இருக்க, கீழே தோண்ட வேண்டும். சத்தம், தூசி, எலி, கடைக்கு வரும் வாடிக்கையாளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாக்குறுதி. இப்படி ஆயிரத்துக்கும் மேல். தோண்டினால் நிலத்தடி எலிகள் ஊருக்குள் படையெடுக்கும் என்ற பீதியில் எலி ஒழிப்புக்கே தனித் திட்டம் நடந்தது. எலிகள் வரவில்லை. ஒழித்ததாலா, முதலிலேயே வருவதாக இல்லையா என்று எலிகளைத்தான் கேட்க வேண்டும்.

1991-இல் வேலை தொடங்கியது. ஊர் அதற்கு வைத்த பெயர் பிக் டிக்.

தோண்டிய விதத்தை நக்கல் செய்ய எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு அழகு. முதலில் பாலத்தின் இருபுறமும் குறுகலான அகழியை 120 அடி ஆழம்வரைகூட வெட்டுவார்கள். பாஸ்டனின் கரையோரம் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம், வெட்டினால் சரியும். சரியாமலிருக்க, மண்ணை எடுக்க எடுக்க அகழியில் களிமண் குழம்பை ஊற்றிக்கொண்டே போவார்கள். குழம்பின் கனம் சுவரைத் தள்ளிப் பிடிக்கும். பிறகு உத்திரங்களை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்புவார்கள். கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வழிந்து வெளியேறும். இரண்டு சுவர்களும் நின்றதும் குறுக்கே இரும்பு விட்டங்களைப் போட்டு, பழைய பாலத்தின் பாரத்தை அவற்றின் மேல் மாற்றி, பழைய கால்களை அறுத்துவிட்டார்கள். மேலே ஆபீசுக்கு லேட்டாகிக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் ரோட்டுக்குக் கால் போனது தெரியாது.

சவுத் ஸ்டேஷனில் தினம் நூற்றுக்கணக்கான ரயில்கள் போகும் தண்டவாளங்களுக்கு அடியில் சுரங்கத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. அங்கே மண் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. பழைய கருங்கல் கடற்சுவர், மரக்கழிகள், பழங்காலக் குப்பை. எனவே குழாய்களை இறக்கி உறைகுளிர் உப்புநீரைச் சுழலவிட்டு, பூமியையே பனிக்கட்டியாக்கினார்கள். உறைந்த குப்பையைச் சுரண்டிச் சுரண்டி, முழுக் கான்கிரீட் பெட்டியை ஜாக்கி வைத்து ஒரு நாளைக்குச் சில அடி வீதம் தள்ளினார்கள். ரயில்கள் ஓடின.

நார்த் எண்ட் ஓரத்தில் தொல்லியல்காரர்கள் முந்திக்கொண்டு தோண்டியபோது பதினேழாம் நூற்றாண்டுக் கக்கூஸ் ஒன்று அகப்பட்டது. கேதரின் நானி நெய்லர் என்ற பெண்மணியுடையது. கொடுமைக்காரக் கணவனை 1671-இல் கோர்ட்டில் விவாகரத்து செய்தவர், அதுவும் பியூரிட்டன்கள் ஆண்ட பாஸ்டனில். அந்தக் குழியில் பழக்கொட்டைகள் கிடைத்தன, செருப்புகள் கிடைத்தன, புல்வெளியில் உருட்டி ஆடும் மரப் பந்து ஒன்றும் கிடைத்தது. வட அமெரிக்காவில் கிடைத்தவற்றில் மிகப் பழைய பௌலிங் பந்து அது என்கிறார்கள். பந்தைக் கக்கூஸில் போட்டவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. எனக்கு அந்தக் கணவன் மேல் சந்தேகம் கிடையாது, அந்த அம்மாள் மேல்தான்.

தோண்டிய மண் 1.6 கோடி கன கெஜம். அதில் ஒரு பங்கை ஸ்பெக்டகிள் ஐலண்ட் என்ற தீவுக்குப் படகில் அனுப்பினார்கள். செத்த குதிரைகளைக் காய்ச்சும் தொழிற்சாலை இருந்து, பிறகு ஊர்க் குப்பையெல்லாம் கொட்டி நாறிக்கிடந்த தீவு. அதன் மேல் மண்ணைப் போர்த்தி, மரம் நட்டு, 2006-இல் பூங்காவாகத் திறந்தார்கள். குப்பையை மண்ணால் மூடிப் பூங்கா என்று பெயர் வைக்கும் வித்தை எல்லா நகராட்சிக்கும் தெரியும். இங்கே மட்டும் நிஜமாகவே பூங்கா வந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு சிவில் உரிமைப் போராளி லெனார்டு ஜாகிமின் பெயரை வைக்க அரசு நினைத்தது. பக்கத்துச் சார்ல்ஸ்டவுன்காரர்கள் தங்கள் ஊரின் பங்கர் ஹில் போரை நினைவுபடுத்தினார்கள். எனவே ‘லெனார்டு பி. ஜாகிம் பங்கர் ஹில் நினைவுப் பாலம்’. முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பாலத்தைக் கடந்துவிடலாம், நெரிசல் இல்லாவிட்டால். 2002 அக்டோபர் 14 அன்று அதன் மேல் 14 சர்க்கஸ் யானைகளை நடத்திச் சென்றார்கள். பாலத்தின் பலம் கணினியில் ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது. ஆனால் கணினி சொன்னதை யார் நம்புகிறார்கள்? பார்வையாளர்களுக்கு வேண்டியது தும்பிக்கை. 1884-இல் புரூக்ளின் பாலத்தின் மேல் பார்னமின் சர்க்கஸ் யானைகள் நடந்ததிலிருந்து அமெரிக்கப் பொறியியலின் கடைசித் தேர்வாளர் யானைதான்.

இனி பணம். 1980களில் சொன்ன மதிப்பீடு 280 கோடி டாலர். 1982-ஆம் ஆண்டு விலைவாசியில், அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில். திட்டத்தை நடத்திய ஜேம்ஸ் கெராசியோட்டிஸ், செலவு 1,080 கோடியைத் தாண்டாது என்று வருஷக்கணக்கில் சாதித்தார். 2000 பிப்ரவரியில் இன்னும் 140 கோடி வேண்டும் என்றார். ஏப்ரலில் வேலை போனது. விலைவாசி, வாக்குறுதிகள், வடிவமைப்பு மாற்றங்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தபோது, ஏறவில்லை என்று சொன்னதுதான் குற்றம் என்று நான் நினைக்கிறேன். உண்மையான தொகையை முதலிலேயே சொல்லியிருந்தால் திட்டமே வந்திருக்காது என்று பதில் சொல்வார்கள். அதுவும் உண்மை. காங்கிரஸ் சுமார் 850 கோடியோடு கையை உதறியது. பத்துக்கு ஒன்பது என்ற பொற்காலம் முடிந்தது.

2003-இல் ஊருக்கு அடியில் ஓடும் சுரங்கங்கள் திறந்தன. 2004 செப்டம்பரில் ஒரு சுவர் பிளந்து தண்ணீர் கொட்டியது. ஊர் சிரித்தது. 2006 ஜூலை 10 இரவு யாரும் சிரிக்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் இணைப்புச் சுரங்கத்தில் கூரையின் கான்கிரீட் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து, உள்ளே இருந்த பெண் இறந்துபோனார். பலகைகளைத் தாங்கிய ஆணிகள் மேற்கூரையில் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. சீக்கிரம் இறுகும் ரகப் பசை. அது இறுகும், ஆனால் பாரம் ஓயாமல் தொங்கினால் மெல்ல மெல்ல நெகிழும். 1999-லேயே சில ஆணிகள் நழுவியதைப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பசை, எவ்வளவு பாரம் என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். உப்புநீரால் பூமியை உறைய வைத்தவர்கள் பசை டப்பாவைப் படிக்கவில்லை. பாதுகாப்புக்காகப் போட்ட ரோடு என்பதால் இது இன்னும் கசக்கிறது.

மற்றபடி ரோடு வேலை செய்கிறது. 27 சாய்தளங்கள் 14 ஆயின. திட்டத்தின் நெடுஞ்சாலைகளில் வண்டிகள் செலவிட்ட மொத்த நேரம் 62 சதவீதம் குறைந்ததாக 2006-இல் அறிக்கை வந்தது. ஊர்நடுவில் நின்ற நெரிசல் ஊர் எல்லைக்குக் குடிபோனது என்று இரண்டு வருஷம் கழித்துப் பத்திரிகையில் வந்தது. இரண்டும் சரி. பச்சைப் பாலத்தை இடித்த இடத்தில் ஒன்றரை மைல் நீளத்துக்குப் பூங்கா. பெயர் ரோஸ் கென்னடி கிரீன்வே. நார்த் எண்டில் பிறந்த ரோஸ், ஹனி ஃபிட்ஸின் மகள். அப்பா பேரில் கட்டியதை இடித்துவிட்டு மகள் பேரில் புல் வளர்த்திருக்கிறார்கள். குடும்பத்துக்குள் சமரசமாகத் தீர்த்த ஒரே பாஸ்டன் பிரச்சினை இதுதான்.

இன்னும் ஒரு வாக்குறுதி பாக்கி. இவ்வளவு காருக்கு வழிவிட்டால் காற்று கெடும் என்று சுற்றுச்சூழல்காரர்கள் வழக்குப் போட வந்தபோது, ரயில் பாதைகளும் போட்டுத் தருகிறோம் என்று 1990-இல் மாநிலம் கையெழுத்துப் போட்டது. அந்தச் செலவின் கடனில் ஒரு பெரும்பங்கு பிற்பாடு ரயில் நிர்வாகத்தின் தலையிலேயே விழுந்தது. கார்காரர்களின் ரோட்டுக்கு ரயில் பயணி வட்டி கட்டினார். வாக்களித்த பாதைகளில் முக்கியமான ஒன்று, கிரீன் லைனின் வடக்கு நீட்டிப்பு, 2022 டிசம்பரில் முழுதாகத் திறந்தது. முப்பத்திரண்டு வருஷம். அடுத்த வருஷமே ஒரு கண்டுபிடிப்பு: தண்டவாளங்கள் இரண்டும் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் ரயில்கள் மணிக்கு 3 மைல் வேகத்தில் போக உத்தரவானது. பாதையை அகலப்படுத்தும் செலவை, அரசுக்கு ஒரு டாலர் பில் போடாமல் தாங்களே ஏற்பதாகக் கட்டியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இத்தனை கதையிலும் பட்ஜெட்டுக்குள் முடிந்த வேலை அனேகமாக அது ஒன்றுதான்.